சேலத்தில் குடும்பத்தோடு குடியேற ஏரியா பார்ப்பது எப்படி?

சேலத்துக்கு மாற்றலாகி வந்தபோது நாங்கள் முதலில் பார்த்தது வாடகையைத்தான். அயோத்தியாப்பட்டணம் பக்கம் நல்ல காற்றோட்டமான வீடு, வாசலில் வேப்பமரம், வாடகையும் கையைக் கடிக்காது, உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். என் கணவருக்கு வேலை கருப்பூரில். பெரியவளுக்கு ஐந்து ரோடு பக்கம் பள்ளிக்கூடம். அதாவது ஊரின் கிழக்குக் கோடியில் இருந்துகொண்டு தினமும் வடமேற்குக் கோடிக்கு ஓடினோம். ஒரு வருஷம் முழுக்க பெரியவள் காலை இட்லியை ஆட்டோவில்தான் சாப்பிட்டாள். அந்த ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டதை, முதல்முறை வீடு தேடுகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: வீடு பார்க்கும் முன் ஒரு தாளை எடுங்கள்

தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டு நாலு ரோடு, பழைய பேருந்து நிலையம் என்று எழுதுங்கள். அதுதான் ஊரின் நடு. மேற்கே சூரமங்கலம், ஜங்ஷன், ஜாகீர் அம்மாபாளையம். வடக்கே அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், கோரிமேடு, கன்னங்குறிச்சி. கிழக்கே பொன்னம்மாபேட்டை, அம்மாபேட்டை, உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம். தெற்கே குகை, நெத்திமேடு, தாதகாப்பட்டி, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி.

இப்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தினமும் எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று அந்தத் தாளிலேயே குறியுங்கள். பாட்டி மாதாமாதம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போவார் என்றால் அதையும் குறியுங்கள். குறித்து முடித்ததும் நான் ஒரே ஒரு விதிதான் சொல்வேன்: காலை ஒன்பது மணிக்கு வீட்டில் யாரும் அந்த நடு வட்டத்தைக் கடந்து மறுபக்கம் போகக் கூடாது. எல்லாருடைய புள்ளியும் எந்தப் பக்கம் அதிகமாக விழுகிறதோ, வீடும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும், வாடகை ஆயிரம் ரெண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

எனக்குத் தெரிந்த கணக்கு இது. கருப்பூர், ஓமலூர் பக்கம் வேலை, அதாவது பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி அந்த வழியில் என்றால் ஜாகீர் அம்மாபாளையம், அழகாபுரம், சூரமங்கலம் பாருங்கள். ஈரோட்டுக்கு சீசன் டிக்கெட்டில் ரயிலில் போய் வருகிறவர்களுக்கு சூரமங்கலத்தைவிட நல்ல இடம் கிடையாது, ஜங்ஷனுக்கு நடந்தே போய்விடலாம். நாமக்கல், ராசிபுரம் பக்கம் வேலை என்றால் சீலநாயக்கன்பட்டி, சங்ககிரி பக்கம் என்றால் கொண்டலாம்பட்டி, வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் என்றால் அம்மாபேட்டையில் இருந்து அயோத்தியாப்பட்டணம் வரை. நாங்கள் இருந்த ஊரும் நல்ல ஊர்தான், வாழப்பாடியில் வேலை பார்க்கிற குடும்பத்துக்கு அது அருமையான இடம், எங்கள் கணக்குக்குத்தான் பொருந்தவில்லை.

படி 2: பள்ளியை முடிவு செய்யுங்கள், அப்புறம் வீடு

பெரியவர்கள் எப்படியாவது சமாளித்துப் போய்விடுவார்கள். ஆறு வயசுக் குழந்தை தினமும் ஒன்றரை மணி நேரம் வேனில் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் பள்ளியில் கேட்க வேண்டியது "எங்கள் ஏரியாவுக்கு வேன் வருமா?" என்பது மட்டுமல்ல, "என் குழந்தை எத்தனையாவதாக ஏறும், எத்தனையாவதாக இறங்கும்?" என்றும் கேளுங்கள். முதலில் ஏறுகிற பிள்ளை ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் போய்ச் சேரும். வீட்டில் இருந்து பள்ளி நாலு கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் பிள்ளைக்கு அது முக்கால் மணி நேரப் பயணம்.

படி 3: திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரோக்கர் காட்டும் தெருவை நம்பாதீர்கள். வேலை நாளில், நீங்கள் நிஜமாகக் கிளம்பப் போகும் நேரத்துக்கு, அந்த வீட்டு வாசலில் இருந்து அலுவலகம் வரை ஒருமுறை போங்கள், மாலையில் ஒருமுறை திரும்புங்கள். ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் 2020இல் திறந்த பிறகு நேராகப் போகிறவர்களுக்குப் பயணம் லேசாகிவிட்டது, ஆனால் கீழே திரும்ப வேண்டியவர்கள் சிக்னலில் நின்றுதான் ஆக வேண்டும். உங்கள் வழி மேலேயா கீழேயா என்று பாருங்கள். நடுவில் ரயில்வே கேட் இருந்தால் அது எந்தெந்த நேரத்தில் மூடுகிறது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

வீட்டில் பெண்கள் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறார்கள் என்றால், சாதாரண டவுன் பஸ் நிற்கும் இடம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். 2021இல் இருந்து அந்தப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாதச் செலவில் அது நன்றாகவே தெரியும். ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கண்டக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது டவுன், குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைத் தெருக்கள் எல்லாம் அம்மனுக்குத்தான், வண்டிக்கு இல்லை. பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர்களுக்கு அங்கே குடியிருப்பதே பாக்கியம். அந்த வாரங்களில் அவசரமாக வேலைக்குப் போக வேண்டியவர்கள் மட்டும் மாற்று வழி ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தண்ணீரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

இதை வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லைங்க" என்றுதான் சொல்வார். எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, பகலிலா நடுராத்திரியிலா, எத்தனை மணி நேரம்? கீழே சம்ப் இருக்கிறதா, அது எத்தனை லிட்டர், எத்தனை குடும்பம் பங்கு போடுகிறது? போர் தண்ணீர் உப்பா? குழாயைத் திறந்து ஒரு வாய் ஊற்றிப் பாருங்கள், பாத்ரூம் டைல்ஸில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், சோப்பு நுரைக்கிறதா என்று கையைக் கழுவிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், வாடகை கொடுக்கப் போகிறவர் நீங்கள். எங்கள் பழைய வீட்டில் நல்ல தண்ணீர் வரும் நாளில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும், அதற்காகவே நான் எத்தனையோ நாள் லீவு போட்டேன்.

படி 5: ராத்திரி ஒருமுறை, மழையில் ஒருமுறை

சேர்வராயன் மலையில் நல்ல மழை பெய்தால் தண்ணீர் ஓடைகள் வழியாக இறங்கி, ஏரிகளை நிரப்பி, திருமணிமுத்தாற்றில் சேர்ந்து ஊருக்குள்தான் ஓடும். ஆற்றோரம், ஓடையோரம் இருக்கும் தாழ்வான தெருக்களில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். முடிந்தால் பெருமழை பெய்த மறுநாள் காலையில் போங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். குகை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறிச் சத்தம் இருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது கஷ்டம், ஆனால் ராத்திரி ஷிஃப்டில் தறி ஓடும் தெருவில் எந்நேரமும் யாராவது விழித்திருப்பார்கள், என் தங்கை நைட் டியூட்டி முடிந்து வரும்போது அதுவே அவளுக்குத் தைரியம். எது உங்களுக்கு முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 6: மலையில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

"ஏற்காட்டிலேயே வீடு எடுத்துவிட்டு தினமும் கீழே வந்து போகலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கினால் எதிரே வரும் வண்டி தெரியாது, கனமழையில் மண் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினசரிப் பயணத்துக்கு அது வேண்டாம். மலைக்காற்று வேண்டும் என்றால் கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் பாருங்கள், மூக்கனேரியும் மலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் மட்டும் ஏற்காடு ரோட்டில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

படி 7: முதலில் வாடகைக்கு, வாங்குவது பிறகு

ஏரியா பிடித்திருந்தாலும் பதினொரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு ஆடி, ஒரு பள்ளித் திறப்பு, அநேகமாக எல்லாம் அதற்குள் வந்துவிடும். பிறகு மனை வாங்குவதாக இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த மனைக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பட்டாவைச் சரிபாருங்கள், லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு பிரிக்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த தமிழக அரசின் 2017 விதிகளில் இடமில்லை, அதனால் "பின்னாடி பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

நாங்கள் இப்போது அழகாபுரத்தில் இருக்கிறோம். வீடு சின்னது, வேப்பமரம் இல்லை, வாடகையும் கூட. பெரியவள் வீட்டிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்து பள்ளிக்குப் போகிறாள்.