கேரள வண்டி, தமிழ்நாட்டு வளாகம்: மாற்றுத்திறனாளி பார்க்கிங் இடத்தைக் கேட்டு வாங்கும் முறை

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக்காரர்களுக்குத் தாலுகா ஆபீஸ் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில், பெரிய ஆஸ்பத்திரி கோயமுத்தூரில். அங்கே மாற்றுத்திறனாளி இடத்தில் வண்டியை விடும்போது, "கேரளா வண்டி, கேரளா கார்டு, இங்கே செல்லாது" என்று காவலாளி சொன்னால் நகர வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 58இன்படி ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

கடையில் வாங்கி ஒட்டும் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் அடையாளம்தான், அதிகாரம் இல்லை. கையில் இருக்க வேண்டியது யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இல்லாதவர்கள் அதற்கான ஸ்வாவ்லம்பன் அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வசிக்கும் மாவட்டத்தில்தான் என்று கட்டாயமில்லை, அந்தக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனை வழியாகவும் முடியும். எல்லைப் பக்கம் இது பெரிய வசதி. பேரின் இனிஷியல் ஆதாரில் முன்னால், வண்டியின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பின்னால் என்று இருந்தால், இரண்டும் ஒத்துப்போகும்படி முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மாற்றுத்திறனாளி பேரில் புது வண்டி வாங்கினால், வண்டிப் பதிவு விண்ணப்பமான படிவம் 20இல் உரிமை வகை 'திவ்யாங்ஜன்' (மாற்றுத்திறனாளி) என்று பதிய வேண்டும். 2020 அக்டோபரில் வந்த மாற்றம் இது. ஷோரூமில் வழக்கம்போல 'தனிநபர்' என்று போட்டுவிட வாய்ப்புண்டு, கையெழுத்துக்கு முன் பாருங்கள். வண்டி மகன் பேரிலோ மகள் பேரிலோ இருந்தால், அட்டைக்குரியவர் கூட வர வேண்டும். அவரை வீட்டில் விட்டுவிட்டு அந்த இடத்தில் நிறுத்துவது இன்னொருவரின் இடத்தைப் பறிப்பதுதான்.

இடம் சரியாக இருக்கிறதா என்று டேப் வைத்தே அளக்கலாம். அகலம் 3.6 மீட்டர், நீளம் 5 மீட்டர், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள். அகலத்தில் 1.2 மீட்டர் சக்கர நாற்காலியை இறக்கித் திருப்புவதற்கு. பெரும்பாலும் கெடுவது இந்தப் பட்டைதான். "காலியாத்தானே கிடக்குது" என்று பைக்குகளை நிறுத்திவிடுவார்கள். கார் உள்ளே போய்விடும், ஆனால் கதவை முழுக்கத் திறக்க முடியாது, நாற்காலி பக்கத்தில் வராது, ஆள் இறங்க முடியாது. ஜல்லி கொட்டிய தரையும், புல் முளைக்க ஓட்டை விட்ட கல்லும் அதே அளவு மோசம், நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

முதலில் வளாக நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூடவே போட்டோ எடுங்கள், தரைக் குறியீடும் வழிமறிக்கும் வண்டியின் எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். நிர்வாகம் அசையவில்லையென்றால், இடம் எந்த மாநிலத்திலோ அங்கேதான் புகார். உங்கள் வண்டி எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோயமுத்தூர் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பாலக்காடு என்றால் மாவட்ட சமூகநீதி அலுவலகம். அதற்கு மேல் அந்தந்த மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட அமைப்பு எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.