பழைய கேம் கேசட் வாங்கப் போறீங்களா, முதல்ல உள்ள இருக்கிற போர்டைப் பாருங்க

2021 ஆகஸ்ட்ல சீல் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் கேசட் 20 லட்சம் டாலருக்குப் போச்சு, அப்போ இருந்து பரண்ல கிடக்கிற கேசட்டுக்கு எவ்ளோ கிடைக்கும்னு கேக்காத ஆள் இல்ல. நம்ம ஊர்ல 90கள்ல சொருகி ஆடின டிவி கேம் பெரும்பாலும் நின்டெண்டோ கம்பெனி ஜப்பான்ல விட்ட ஃபேமிகாம் மெஷினோட காப்பி, அதுக்கு வந்த 9999 இன் 1 கேசட்டும் லைசென்ஸ் இல்லாம அடிச்சது தான். கலெக்டர்ங்ககிட்ட அதுக்குப் பெருசா விலை இல்ல, ஆனாலும் தூக்கிப் போட்டுடாதீங்க ப்ளீஸ், நம்ம லீவு நாளெல்லாம் அதுக்குள்ள தான் இருக்கு.

ஒரிஜினல் சேக்கணும்னா மெஷினை முதல்ல முடிவு பண்ணுங்க. 1983ல வந்த ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின், அதையே மாத்தி அமெரிக்கால 1985ல விட்ட என்இஎஸ் மெஷின் கேசட்டுக்கு 72 பின், அடாப்டர் இல்லாம ஒண்ணு இன்னொண்ணுல போகாது.

விலைன்னு வந்தா வெறும் கேசட், பாக்ஸும் மேனுவலும் சேர்ந்தது, சீல் பிரிக்காதது, இந்த மூணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விக்கிறவர் கேக்குற விலையை நம்பவே நம்பாதீங்க, யாரு வேணா என்ன வேணா கேக்கலாம், ஈபேல வித்து முடிஞ்சதை மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு, அதுல உங்க கேசட் மாதிரியே கண்டிஷன்ல இருக்கிற நாலஞ்சைப் பாத்து நடுவுல ஒரு விலை எடுத்துக்கோங்க. பழசுன்னாலே அரிதுன்னு இல்ல. மாரியோவும் டக் ஹண்ட்டும் சேர்ந்த கேசட் மெஷின் கூடவே வந்தது, எங்க பாத்தாலும் கிடைக்கும். தங்கக் கலர்ல இருக்கேன்னு செல்டா கேம் கேசட்டுக்கு அள்ளிக் கொடுத்துடாதீங்க, அதுவும் நிறைய வித்த கேசட் தான். நிஜமான அரிதுன்னா 1990 நின்டெண்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ஸ் போட்டிக்கான கேசட், சாம்பல் கலர்ல 90, தங்கக் கலர்ல 26, அவ்ளோ தான் கொடுத்தாங்க.

டூப்ளிகேட் அதிகமா வர்றது கையில வச்சு ஆடுற கேம்பாய் அட்வான்ஸ் மெஷினோட போகிமான் கேசட்ல. நானும் ஃபோட்டோவை மட்டும் பாத்து ஒரு போகிமான் எமரால்டு வாங்கி ஏமாந்தேன், ரெண்டாவது வாரமே நான் ஆடி வச்ச சேவ் காணாம போச்சு, அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. இப்போ போர்டு ஃபோட்டோ அனுப்பாதவங்ககிட்ட வாங்குறதே இல்ல. ஒரிஜினல்ல லேபிள் மேல ரெண்டு இலக்க நம்பர் அழுத்தின மாதிரி லேசாத் தெரியும், கீழ பின்னுக்கு மேல போர்டுலயே நின்டெண்டோ பேர் இருக்கும். போகிமான் ஃபயர்ரெட்ல பேட்டரியே கிடையாது, திறந்து பாத்து பேட்டரி இருந்துச்சுன்னா அது டூப்ளிகேட், சந்தேகமே வேணாம்.

என்இஎஸ் கேசட் திறக்க சாதா ஸ்க்ரூடிரைவர் ஆகாது, 3.8 எம்எம் கேம்பிட்னு ஒரு தனி ஸ்க்ரூடிரைவர் வேணும். பின்னை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ்ல துடைச்சு நல்லா காய விடுங்க. உப்பு பேப்பர் வேணவே வேணாம், வாயால ஊதுறதையும் விட்டுடுங்க, எச்சில் ஈரம் பட்டு பின் கறுத்துடும்.

செல்டா மாதிரி சேவ் ஆகுற கேசட்ல சிஆர்2032 பேட்டரி இருக்கும். மாத்தும்போது சால்டர் வைக்கிறதுக்குன்னே சின்ன தகடு ஒட்டின பேட்டரியா வாங்குங்க, பேட்டரி மேல நேரா சால்டர் வைக்கிறது ஆபத்து. கழட்டினா பழைய சேவ் அழிஞ்சுடும், அதனால முதல்ல கேசட்டை கம்ப்யூட்டரோட இணைக்கிற கேசட் ரீடர்ல போட்டு சேவ் ஃபைலை கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சுக்கோங்க. என்கிட்ட இருக்கிற செல்டால யாரோ ஒரு பையன் தன் பேரைப் போட்டு கடைசி கோட்டை வரைக்கும் போயிருக்கான், பேட்டரி மாத்தினதும் அந்த சேவ் ஃபைலைத் திரும்ப அதுலயே ஏத்தி வச்சுட்டேன்.