மேடையை நிறுத்தும் பாட்டு: ஆண் குரல்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

நம் நாடகக் கொட்டகைகளில் எஸ்.ஜி.கிட்டப்பா பாடி முடித்தால் 'ஒன்ஸ்மோர்' என்று கூட்டம் கத்தும். மறுபடி பாடினால்தான் கதை நகரும். நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் இப்படிக் கதையை நிறுத்திவைக்கும் பாட்டுக்கு 'ஷோஸ்டாப்பர்' என்று பெயர். ஆங்கில இசை நாடகத்துக்கு முதன்முறையாக ஆடிஷன் கொடுக்கப் போகும் ஆண்களுக்கு அப்படி ஒரு பாட்டைத் தேர்ந்து தயார் செய்யும் வழியைச் சொல்கிறேன்.

என் முதல் ஆடிஷனுக்கு நான் எடுத்துப்போனது 'மேன் ஆஃப் லா மாஞ்சா' (1965) நாடகத்தின் 'தி இம்பாசிபிள் டிரீம்'. முடிவில் வரும் உச்ச சுரத்துக்காகவே எடுத்தேன். முதல் வரியிலிருந்தே முழங்கினேன். பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதை அவன் யாரிடம் பாடுகிறான், தம்பி?" எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாடகத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. விடுதியில் வேலை செய்யும் அல்டோன்சா, "எதற்காக இதையெல்லாம் செய்கிறாய்?" என்று கேட்கிறாள். அவளுக்குக் கதைநாயகன் டான் கிகோட்டே சொல்லும் பதில்தான் முழுப் பாட்டும். ஒரு பெண்ணின் எளிய கேள்விக்கான பதிலை நான் போர்முரசாகக் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

படி 1: குரலை அளந்துகொள்ளுங்கள்

கீபோர்டோ கைபேசிச் செயலியோ போதும். தெளிவாக ஒலிக்கும் மிகத் தாழ்ந்த சுரத்தைக் குறியுங்கள். பிறகு, நான்கு விநாடி அசையாமல் நிறுத்தக்கூடிய மிக உயர்ந்த சுரத்தைக் குறியுங்கள். அதை மூன்று முறை அடுத்தடுத்துப் பாட முடிய வேண்டும். ஒரே ஒரு முறை எட்டிப் பிடித்த சுரம் கணக்கில் சேராது. ஆடிஷன் பாட்டின் உச்சம் இந்த எல்லைக்கு ஒரு சுரமாவது கீழே இருக்கட்டும். பதற்றத்தில் அந்த ஒரு சுரம் காணாமல் போய்விடும்.

கர்நாடக இசை பயின்றவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நாம் நமக்கு வசதியான கட்டையில் பாடிப் பழகியவர்கள். இங்கே சுருதியை வகுத்தவர் இசையமைப்பாளர். ஆடிஷனுக்குச் சுருதியை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், அந்தப் பாத்திரமே வேண்டுமென்றால் மூலச் சுருதியில் பாட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

படி 2: உங்களுக்கான பாட்டு எது?

நடுத்தரக் குரல், அதாவது பாரிடோன் உள்ளவர்கள், கொஞ்சம் நகைச்சுவையும் வரும் என்றால், 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' (1964) நாடகத்தின் 'இஃப் ஐ வேர் எ ரிச் மேன்' பாட்டில் தொடங்கலாம். ஏழைப் பால்காரன் தேவ்யே பணக்கார வீட்டைக் கனவு காண்கிறான்: ஏற ஒரு படிக்கட்டு, இறங்க ஒரு படிக்கட்டு, எங்கும் போகாமல் சும்மா பகட்டுக்கு இன்னொன்று. இந்த வேடிக்கையில் பலர் தங்கிவிடுகிறார்கள். ஆனால் பாட்டின் உயிர் பிற்பகுதியில் இருக்கிறது. பணம் வந்தால் யூதக் கோயிலில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்ய நேரம் கிடைக்குமே என்று சொல்லும்போது அவன் நிதானமாகிவிடுகிறான். ஆட்டத்தை அங்கே நிறுத்துங்கள்.

மேல் ஸ்தாயியில் மெல்லப் பாட வரும் டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரலுக்கு 'லே மிசராப்ளே'யின் 'பிரிங் ஹிம் ஹோம்'. 1985இல் லண்டனில் முதலில் பாடியவர் கோம் வில்கின்சன். அது ஒரு பிரார்த்தனை. உரத்த குரலில் முடிவதற்குப் பதிலாக, மெல்லிய இழையாக மேலே போய் அடங்குகிறது.

பாடவே வராது, பேசத்தான் வரும் என்கிறீர்களா? கூச்சப்பட வேண்டாம். 'தி மியூசிக் மேன்' (1957) நாடகத்தில் 'யா காட் டிரபிள்' பாட்டுக்கு அரங்கை அதிரவைத்த ராபர்ட் பிரெஸ்டன் பாடகராகப் பெயர் பெற்றவர் அல்லர், நடிகர். ஊருக்குப் புதிதாக வந்த 'பூல்' ஆட்ட மேசை பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று தெருவில் நின்று ஊரையே கிளப்பிவிடுகிறான் ஒரு விற்பனையாளன். அவன் விற்க வந்தது பாண்டு வாத்தியங்களை! பெரும்பகுதி தாளத்தில் பேசும் பேச்சுதான். நாக்கு சுழல வேண்டும், அவ்வளவே.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்தின் 'கெத்சமனி'யில் வரும் ராக் அலறலை, பயிற்சி இல்லாத தொண்டையில் முயலாதீர்கள். 'ஷோ போட்' (1927) நாடகத்தின் 'ஓல் மேன் ரிவர்' வேறு காரணத்துக்காக. மிசிசிப்பிக் கரையில் மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளியின் பாட்டு அது. கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் தம் கச்சேரிகளில், வாழ்ந்து சலித்ததாக வரும் வரியை, சாகும்வரை போராடுவேன் என்று மாற்றியே பாடினார். அப்படி ஒரு வரலாறு உள்ள பாட்டை, பாட வசதியாக இருக்கிறது என்பதற்காக மற்றவர்கள் எடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். கேளுங்கள், நிறையக் கேளுங்கள்.

படி 3: திரும்பும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பாட்டைத் தொடங்கும் மனிதனும் முடிக்கும் மனிதனும் ஒரே ஆளாக இருந்தால் அரங்கு நிற்காது. நடுவில் எங்கோ அவன் மாறுகிறான். அந்தச் சொல்லைத் தேடிப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

பாடமாகப் படிக்க 'கரோசல்' (1945) நாடகத்தின் 'சொலிலக்வி' (தனிமொழி) பாட்டைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஏழெட்டு நிமிடம், ஒரே ஆள். பில்லி பிகலோ ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடுகிறவன். வேலை போய்விட்டது. மனைவி கர்ப்பம் என்று இப்போதுதான் தெரிகிறது. மகன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, மரம் போல வளர்வான், இதைச் செய்வான், அதைச் செய்வான் என்று மார்தட்டுகிறான். திடீரென்று, பெண்ணாக இருந்தால்? மகனோடு கும்மாளம் போடலாம், மகளுக்குத் தகப்பனாக இருந்தாக வேண்டுமே! இசை இளகிவிடுகிறது. அடுத்த திருப்பம்: என்னைப் போன்ற உதவாக்கரைகள் நடுவே அவள் வளரக் கூடாது, பணம் வேண்டும். சம்பாதிப்பேன், இல்லை திருடுவேன், இல்லையென்றால் சாவேன் என்று முடிக்கிறான். அவனுடைய சாவுக்கான முடிவை நம் கண்ணெதிரே, மகள் மீதுள்ள பாசத்தாலேயே எடுத்துவிடுகிறான். கடைசி உச்ச சுரம் அதனால்தான் அடிவயிற்றைப் பிசைகிறது. முதல் மேடைக்கு இது வேண்டாம், நீளம் கொன்றுவிடும். ஆனால் திரும்பும் இடங்களைக் குறித்துப் பழக இதையே எடுங்கள்.

ஒரே சொல்லில் திரும்பும் பாட்டும் உண்டு. 1970இல் வந்த 'கம்பெனி' நாடகத்துக்கு ஸ்டீபன் சோந்தைம் எழுதிய 'பீயிங் அலைவ்'. முப்பத்தைந்து வயது பாபி, திருமணம் என்றால் யாரோ ஒருவர் 'உன்னை' இறுகப் பிடித்து, 'உன்' நாற்காலியில் உட்கார்ந்து, 'உன்' தூக்கத்தைக் கெடுப்பதுதானே என்று குறைப்பட்டியல் படிக்கிறான். சற்று நேரத்தில் அதே பட்டியல் 'என்னை' என்று திரும்பி வருகிறது. குறைகள் எல்லாம் வேண்டுதல்களாகிவிடுகின்றன. நிரவல் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அதே வரி, வேறு கனம். அந்த 'என்னை'க்கு முன்னால் குரலைச் செலவழித்துவிட்டால் பிறகு கொடுக்க ஒன்றும் இருக்காது.

படி 4: ராகமில்லாமல் பேசுங்கள்

ஒரு வாரம் மெட்டைத் தொடாதீர்கள். வரிகளை வசனமாக, எதிரே ஒருவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் நாற்காலி போதும். மூச்சு எங்கே இயல்பாக நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, பாடும்போதும் அங்கேயே மூச்செடுங்கள். ஆங்கிலச் சொற்களின் கடைசி மெய்யெழுத்தை விழுங்குவது நம்மவர் வழக்கம், அதையும் இப்போதே திருத்திவிடலாம்.

படி 5: ஒலியைப் பங்கிடுங்கள்

உங்கள் முழு ஒலியைப் பத்து என்று வையுங்கள். மூன்றில் தொடங்குங்கள். திரும்பும் சொல்வரை ஆறைத் தாண்டக் கூடாது. பத்து ஒரே ஒரு முறைதான்.

படி 6: பியானோக்காரரை மதியுங்கள்

பெரும்பாலும் முழுப் பாட்டுக்கு நேரம் தரமாட்டார்கள். பதினாறு அல்லது முப்பத்திரண்டு தாள அளவுகளே கேட்பார்கள். திரும்பும் சொல் அதற்குள் வருமாறு வெட்டுங்கள், வெறும் உச்ச சுரத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். தொடக்கத்தையும் முடிவையும் தாளில் தெளிவாகக் குறித்து, பக்கங்களைக் கோப்பில் போட்டுக் கொடுங்கள். "இதை ஒரு கட்டை இறக்கி வாசிப்பீர்களா?" என்று அந்த நேரத்தில் கேட்பது அநியாயம். இறக்கிய சுருதியிலேயே அச்சிட்டுக் கொண்டுபோங்கள். வேகத்தைக் காட்ட விரல் சொடுக்காமல், ஒரு வரியை அவர் காதருகே முணுமுணுத்தால் புரிந்துகொள்வார்.

படி 7: முடிந்த பிறகு

கடைசிச் சுரம் நின்றதும் தோளைத் தளர்த்தி, 'அப்பாடா' என்று சிரித்துவிடுகிறோம். பாட்டுக்குள் இருந்த ஆள் அங்கேயே செத்துப்போகிறான். பியானோவின் கடைசி ஒலி அடங்கும்வரை கண்ணை அகற்றாதீர்கள். மனத்துக்குள் இரண்டு எண்ணுங்கள். பிறகு நன்றி சொல்லிவிட்டு, பியானோ மீதிருக்கும் உங்கள் கோப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் அன்று அதையும் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.