கார்ட்டிசோலுக்கு மாத்திரை வாங்கும் முன்

தொப்பை குறையவில்லை, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, எதைக் கேட்டாலும் எரிச்சல், எல்லாம் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் வேலைதான் என்று ரீல்ஸில் பார்த்துவிட்டு அஸ்வகந்தா டப்பாவை ஆர்டர் போடப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கார்ட்டிசோல் எதிரி கிடையாது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி இதைச் சுரக்காவிட்டால் உயிரே தங்காது. ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது, சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. காலையில் கண்விழித்து அரை, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பகல் முழுக்க மெல்ல இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் ராத்திரி அது இறங்க வழிவிடுவதுதான்.

எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரியாத ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாததும் இதனால்தான். காலை எட்டு மணிக்கு இயல்பான எண், இரவு பதினொரு மணிக்கு வந்தால் கவலைப்பட வேண்டியது. கார்ட்டிசோல் அளவுக்கு மீறி நீண்ட நாள் இருப்பதால் வரும் குஷிங் சிண்ட்ரோம் என்ற நிஜமான நோய்க்கு அடையாளங்களே வேறு: வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போவது, கையூன்றாமல் எழுந்திருக்க முடியாதபடி தொடையில் பலம் குறைவது. இவை இருந்தால் ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். இரவு நேர எச்சில், 24 மணி நேரச் சிறுநீர், ராத்திரி டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்துக் காலையில் ரத்தம் எடுப்பது என்று அவர்கள் சோதிப்பார்கள்.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் வெளியிலிருந்து உள்ளே போகும், கார்ட்டிசோல் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து. மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை, முகம் வெளுக்க மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசும் க்ரீம், என்ன சேர்த்தார்கள் என்றே தெரியாத பொட்டலப் பொடி, எல்லாவற்றையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் தயவுசெய்து நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் சுரப்பி வேலை செய்வதையே குறைத்திருக்கும், சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, அப்படி நோய் எதுவும் இல்லை, வாழ்க்கைதான் நெருக்குகிறது என்றால் தூக்கத்தில் ஆரம்பியுங்கள். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே மறுநாள் சாயந்திரம் கார்ட்டிசோல் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. படுக்கும் நேரத்தைப் பிடிப்பதைவிட எழும் நேரத்தைப் பிடிப்பது சுலபம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஒரே நேரமாக வையுங்கள். எழுந்ததும் மொட்டைமாடியிலோ தெருவிலோ பத்து, பதினைந்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இது கஷ்டம்தான், தெரியும். அறையை நன்றாக இருட்டாக்குங்கள், விடுமுறை நாளிலும் தூக்கத்தில் ஒரு பகுதியாவது வேலை நாளில் தூங்கும் அதே மணி நேரத்துக்குள் விழும்படி பாருங்கள்.

காலைக் காபியை விட வேண்டாம். சாயந்திரக் காபியை விடுங்கள். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கிறது. தூக்கம் வர மது குடிப்பதும் வேண்டாம், முதல் பாதி தூங்க வைத்து மறு பாதியைக் கெடுத்துவிடும்.

சாப்பாட்டில் கார்ட்டிசோலை மட்டும் குறிவைத்துக் குறைக்கும் உணவு என்று ஒன்று இல்லை. தொப்பைக்காகப் பட்டினி கிடப்பதுதான் இங்கே பெரிய தப்பு, கலோரியைக் கடுமையாக வெட்டினால் கார்ட்டிசோல் ஏறத்தான் செய்யும். வேளைக்குச் சாப்பிடுங்கள், தட்டில் பயறு, முட்டை, மீன் என்று ஏதாவது புரதம் இருக்கட்டும். மெக்னீசியத்துக்குக் கேழ்வரகு, கம்பு, கீரை, வேர்க்கடலை போதும். ஒமேகா 3க்கு மத்தி மீன் இருக்கிறது, விலையும் குறைவு. அப்புறம் நடை. கடுமையான ஜிம் பயிற்சியில் கார்ட்டிசோல் அந்த நேரம் ஏறி இறங்கும், அது இயல்பு, படுக்கப் போகும் நேரத்தை ஒட்டி மட்டும் வேண்டாம்.

இப்போது அஸ்வகந்தா, நம் ஊர் அமுக்கரா. வேர்ச்சாறு 300 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, 60 நாள் கொடுத்துப் பார்த்து 2012இல் இந்தியாவிலிருந்து வெளியான ஆய்வில் கார்ட்டிசோலும் மன அழுத்தமும் குறைந்தன. ஆய்வு சிறியது, பலன் உண்டு என்று நம்ப இடம் இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அந்த அளவை நாட்டு மருந்துக் கடை அமுக்கரா சூரணத்துக்குப் பொருத்திப் பார்க்க முடியாது, அதில் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர்கள் தொடவே வேண்டாம். டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. எடுக்கும்போது கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ அன்றே நிறுத்தி டாக்டரிடம் ஓடுங்கள்.

யாரும் எச்சரிக்காத இன்னொன்று அதிமதுரம். தொண்டைக்கு ஒருநாள் மெல்வதில் தவறில்லை. தினமும் டீயாகவோ கஷாயமாகவோ குடித்தால், சிறுநீரகத்தில் கார்ட்டிசோலைச் செயலிழக்க வைக்கும் நொதியை அது தடுத்துவிடும். பொட்டாசியம் குறைந்து பிரஷர் ஏறும். பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் இருக்கும் மூலிகை டீத்தூள் பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானத்தில் அதிமதுரம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஹார்மோன் டெஸ்ட் எடுக்கப் போகிறீர்கள், முடிக்காக பயோட்டின் மாத்திரையும் போடுகிறீர்கள் என்றால் லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள், அது சில பரிசோதனைகளின் எண்ணையே தப்பாகக் காட்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களும் சொல்ல வேண்டும், ரத்தத்தில் மொத்தக் கார்ட்டிசோல் அதனாலேயே கூடுதலாகத் தெரியும்.