கரித்தூசு நோய் உதவித்தொகை: மருத்துவச் சான்று சேர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து நுரையீரலைப் பறிகொடுத்தவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகையும் சிகிச்சைச் செலவும் தர மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் கரித்தூசு நோய் (நிலக்கரித் தூசியால் நுரையீரலில் வரும் நோய்) தெரிந்துவிட்டது, இனி என்ன, பணம் வந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நோய் இருப்பது வேறு, அதனால் வேலை செய்ய முடியாமல் போனது வேறு, இரண்டையும் நிரூபிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஒரு சென்டிமீட்டருக்கும் பெரிய திட்டுகள் தெரியுமளவுக்கு நோய் முற்றியிருந்தால் மட்டும் நிலைமை வேறு, வேலை செய்ய முடியாததைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

வேலை செய்ய முடியாது என்றால் எந்த வேலை? கடைசியாக வழக்கமாகப் பார்த்த சுரங்க வேலை. இதை டாக்டரிடம் சொல்லாமல் விடுவதால் எத்தனையோ நல்ல அறிக்கைகள் வீணாகின்றன. எவ்வளவு எடை தூக்கினீர்கள், தாழ்ந்த கூரைக்கடியில் எவ்வளவு தூரம் தவழ்ந்தீர்கள், ஒரு ஷிஃப்டில் எத்தனை மணி நேரம் மண்வெட்டி பிடித்தீர்கள் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். "நோயாளியால் வேலை செய்ய இயலாது" என்று ஒற்றை வரியில் முடியும் சான்றிதழுக்கு வழக்கை விசாரிக்கும் நீதிபதி பெரிதாக மதிப்புத் தரமாட்டார், எந்தப் பரிசோதனையை வைத்து, ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை டாக்டர் விளக்கியிருக்க வேண்டும்.

புகைபிடித்ததை மறைக்காதீர்கள். பழைய மருத்துவக் குறிப்புகளில் அது எப்படியும் இருக்கும், தப்பான கணக்கை நம்பி எழுதிய டாக்டரின் கருத்தும் சேர்ந்து அடிபடும். சிகரெட் பிடித்தவருக்கும் தூசியால் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்திருக்கலாம் என்பதைச் சட்டம் ஏற்கிறது.

விண்ணப்பித்தவருக்கு தொழிலாளர் துறை தன் செலவில் முழு நுரையீரல் பரிசோதனை செய்து தருகிறது, பட்டியலிலிருந்து டாக்டரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். யாரோ ஒருவர் என்று டிக் அடிக்காமல் விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். சளி, காய்ச்சலோடு மூச்சுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், தேதியை மாற்றிக் கேளுங்கள். உங்கள் உயரத்தைச் சரியாக அளக்கிறார்களா என்றும் பாருங்கள், ஏனென்றால் தகுதி அளவு, அதாவது இயலாமை என்று ஏற்க விதியில் உள்ள அளவு, மூச்சுப் பரிசோதனையில் வயது, உயரம், பாலினம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவாகிறது. ஓய்வில் எடுத்த ரத்த வாயுப் பரிசோதனை (ரத்தத்தில் ஆக்சிஜன் போன்ற வாயுக்களின் அளவைப் பார்ப்பது) தகுதி அளவுக்கு வராவிட்டால், உடல்நிலை இடம் கொடுத்தால், உடற்பயிற்சியோடு மறுபடி எடுக்க வாய்ப்புத் தர வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடுவதும் தவறு. எக்ஸ்ரே வாசிப்பு, மூச்சுப் பரிசோதனை, மருத்துவ அறிக்கை எல்லாம் ஒரு தரப்புக்கு (நீங்கள் ஒரு தரப்பு, எதிர்த்து வாதிடும் சுரங்க நிறுவனம் மறு தரப்பு) பொதுவாக இரண்டிரண்டுதான். ஆனால் வழக்கமான சிகிச்சைக் குறிப்புகளுக்கும் மருத்துவமனை ஆவணங்களுக்கும் அந்த வரம்பு கிடையாது, அவற்றைத் தேடி எடுங்கள்.

பணிக்கால ஆதாரத்தையும் கூடவே வையுங்கள். நிலத்தடியில் 15 ஆண்டு வேலையும் முழு நுரையீரல் இயலாமையும் நிரூபணமானால், காரணம் கரித்தூசு நோய்தான் என்று சட்டமே அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது நிறுவனத்தின் பாடு. மறுக்கப்பட்டாலும் சோர்ந்து போகாதீர்கள், ஓர் ஆண்டுக்குள் புதிய சான்றோடு முடிவை மாற்றக் கோரலாம்.