கார்சோம்ப்பை முழுத் திறனுக்குப் பயிற்றுவிப்பது எப்படி? போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களுக்கான செய்முறை

லெவல் 100ஐ எட்டிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று புதிதாக ஆடுபவர்களில் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஆன்லைன் தரவரிசைப் போட்டிகளில் எல்லாப் போக்கிமான்களும் லெவல் 50 ஆகவே கணக்கிடப்படுவதால், அங்கே வேறுபாட்டை உண்டாக்குபவை அட்டாக், ஸ்பீடு போன்ற திறன்களுக்குப் பிறவியிலேயே அமையும் ஐ.வி. புள்ளிகள், பயிற்சியால் சேரும் ஈ.வி. புள்ளிகள், குணத்தைக் குறிக்கும் நேச்சர் ஆகிய மூன்றுமே. கார்சோம்ப் என்ற போக்கிமானின் ஸ்பீடு, இவற்றில் எதுவும் கைகொடுக்காத நிலையில், லெவல் 50இல் 107 மட்டுமே. ஐ.வி. உச்ச அளவான 31 ஆக இருந்தால் 15 புள்ளிகளும், ஈ.வி. 252 ஆனால் 32 புள்ளிகளும், ஏற்ற நேச்சரால் மேலும் 15 புள்ளிகளும் கூடி அது 169 ஆகிறது.

முதல் படி: நேச்சர்

பெரும்பாலான நேச்சர்கள் ஒரு திறனைப் பத்து விழுக்காடு உயர்த்தி மற்றொன்றை அதே அளவு குறைக்கும். நேரடித் தாக்குதலையே நம்பும் கார்சோம்ப்புக்கு ஸ்பெஷல் அட்டாக் தேவையில்லை என்பதால், அதைக் குறைத்து ஸ்பீடை உயர்த்தும் ஜாலி நேச்சரே என் தேர்வு. அட்டாக்கை உயர்த்தும் அடமன்ட் நேச்சர் கவர்ச்சியாகத் தோன்றினாலும், அதில் ஸ்பீடு 154உடன் நின்றுவிடும். முழுப் பயிற்சி பெற்ற சாரிஸார்டு என்ற போக்கிமானின் ஸ்பீடு 167 வரை செல்லக்கூடியது என்பதால், ஜாலி கார்சோம்ப் அதை இரண்டே புள்ளிகளில் முந்துகிறது, அடமன்ட் கார்சோம்ப்போ பின்தங்கிவிடுகிறது. பிடித்தபோதே வேறு நேச்சர் அமைந்திருந்தால் கவலை வேண்டாம். நேச்சரின் விளைவை மாற்றும் ஜாலி மின்ட் என்ற பொருளைக் கொடுத்தால் போதும்.

இரண்டாம் படி: ஈ.வி.

முழுக் கவனமும் தேவைப்படும் இடம் இதுதான். ஒரு போக்கிமான் மொத்தம் 510 ஈ.வி. மட்டுமே பெற முடியும். ஒரு திறனுக்கு உச்சவரம்பு 252. எனவே அட்டாக்குக்கு 252, ஸ்பீடுக்கு 252, மிஞ்சுவதில் 4ஐ உயிர்ப்புள்ளியான எச்.பி.க்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் விவரத் திரையில் எல் பொத்தானை அழுத்தி ஈ.வி. எதில் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். கதைப் பயணத்தில் நடந்த சண்டைகளால் வேண்டாத திறன்களில் ஈ.வி. ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைக் குறைக்கத் தனித்தனி பெர்ரிகள் உள்ளன. ஸ்பெஷல் அட்டாக்குக்கு ஹாண்ட்யூ, டிஃபென்ஸுக்கு குவாலட் என ஒவ்வொன்றும் பத்துப் பத்தாகக் குறைக்கும்.

பிறகு இரண்டு வழிகள் உண்டு. பணம் இருந்தால் சான்ஸி சப்ளை கடையில் ஈ.வி. தரும் ஊட்டப் பொருள்களான புரோட்டீனை அட்டாக்குக்கும் கார்போஸை ஸ்பீடுக்கும் வாங்கலாம். ஒன்று 10 ஈ.வி. தருவதால் ஒரு திறனை நிரப்ப 26 வேண்டும், அதற்கு ஆட்டப் பணம் 2,60,000 செலவாகும். பணம் இல்லாதவர்கள், ஒவ்வொரு வெற்றிக்கும் ஸ்பீடு ஈ.வி. எட்டைக் கூடுதலாகத் தரும் பவர் ஆங்க்லெட்டை அணிவித்து ஃப்ளெட்ச்லிங் போன்ற, ஸ்பீடு ஈ.வி. ஒன்று தரும் போக்கிமான்களை வீழ்த்தலாம்; ஒவ்வொரு முறையும் ஒன்பது கிடைப்பதால் 28 வெற்றிகள் போதும். அட்டாக்குக்கு இதேபோல் பவர் பிரேஸரை அணிவித்து, அட்டாக் ஈ.வி. தரும் ஷின்க்ஸைத் தேடுங்கள். போக்கிமானைத் தானாகச் சண்டையிட அனுப்பும் வசதியை மட்டும் இங்கே பயன்படுத்தாதீர்கள், அதில் ஈ.வி. சேர்வதே இல்லை.

மூன்றாம் படி: ஐ.வி.

லெவல் 50ஐ எட்டியதும் மான்டெனெவெரா ஊரில் அபோமஸ்னோவுடன் நிற்பவரிடம் சென்று பாட்டில் கேப் என்ற பொருளைக் கொடுத்தால், நீங்கள் குறிப்பிடும் ஒரு திறனின் ஐ.வி. உச்ச அளவில் இருப்பதாகவே கணக்கிடப்படும். தங்க பாட்டில் கேப் என்றால் ஆறு திறன்களுக்கும் ஒரே நேரத்தில் அது நடக்கும். கார்சோம்ப்புக்கு ஸ்பெஷல் அட்டாக்கை விட்டுவிடலாம். ஸ்பெஷல் தாக்குதல் செய்யும் வேறு போக்கிமான்களுக்குப் பயிற்சி அளிக்கும்போதோ அட்டாக்கை உயர்த்தாமல் இருப்பதே நல்லது. எதிரியின் ஃபவுல் பிளே என்ற தாக்குதல் நம்முடைய அட்டாக்கைக் கொண்டே நம்மைத் தாக்கும்.