க்ராயின் வால்ட்னு கேப்ஷன் போடுறதுக்கு முன்னாடி: எல்லாரும் பண்ற தப்புகள்

ஒருதடவ க்ராயின் வால்ட்னு மிஷின் மொழிபெயர்ப்புல போட்டேன், "இடுப்புப் பெட்டகம்"னு வந்துச்சு (இங்கிலீஷ்ல க்ராயின்னா தொடை இடுக்குன்னும், வால்ட்னா பெட்டகம்னும் கூட அர்த்தம்). அதனால இங்க க்ராயின் வால்ட்னே எழுதிட்டுப் போறேன், யாரும் கோச்சுக்காதீங்க. இது ஒரு வகை கட்டடக் கூரை, விஷயம் சிம்பிள்தான். பாதி பைப் மாதிரி நீளமா வளைஞ்சு போற கூரை இருக்குல்ல, அதுக்குப் பேரு பேரல் வால்ட். அதுமாதிரி ரெண்டு கூரை ஒண்ணையொண்ணு குறுக்கே வெட்டிக்கிட்டா, வெட்டுற எடத்துல மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி ரெண்டு விளிம்பு வரும். அந்த விளிம்புதான் க்ராயின்.

முதல் தப்பு இங்கயே ஆரம்பிச்சுடுது, நிறைய பேரு க்ராயின்னா உள்ள குழிஞ்சு போற கோடுன்னு நெனைக்கிறாங்க. இல்ல, கீழ நின்னு பாத்தா அது நம்மள பாத்து துருத்திட்டு நிக்கிற விளிம்பு. ஓட்டு வீட்ல ரெண்டு கூரை ஒரு மூலைல சேரும்ல, வெளிய மழைத்தண்ணி ஓடுற மடிப்பு, உள்ள நின்னு பாத்தா அதே எடம் கீழ்ப்பக்கமா மடங்கி நிக்கும். அப்படியேதான் இதுவும்.

அடுத்தது, படத்துல வரையும்போது எல்லாரும் மூலைவிட்டத்தையும் அரைவட்டமாவே வரையுறாங்க. ஒரே சைஸ் பேரல் ரெண்டு செங்குத்தா வெட்டினா அந்த விளிம்பு அரைவட்டமா வராது, நீள்வட்டம்தான் வரும். ஏன்னா சதுரத்தோட மூலைவிட்டம் பக்கத்த விட 1.41 மடங்கு நீளம், ஆனா உச்சி உயரம் அதேதான். அப்ப அந்த வளைவு சப்பையாதானே ஆகணும்? சப்பையான வளைவு வெளிப்பக்கமா அதிகமாத் தள்ளும். நான் சார்ட் பேப்பர்ல செஞ்சு பாத்தப்ப விளிம்ப வட்டமா வெட்டி ஒட்டினேன், நடுவுல தொப்பை வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் கூட சேரல, ரெண்டு நாள் வேஸ்ட். நிஜமாவே மூலைவிட்டத்த அரைவட்டமா வெச்சா நடு உச்சி மேல போயிடும், மிலான்ல சாந்த் அம்ப்ரோஜியோ சர்ச்ல அப்படித்தான் கூரை குடை மாதிரி எழும்பி இருக்கும். ஆனா அது ரிப் வால்ட், அதாவது மூலைவிட்டத்துல தனியா கல் வளைவு ஓடுறது, அதுக்கு அப்புறம் வரேன்.

ரொம்ப சிரிப்பு வர்ற தப்பு ரோம்ல நடக்குறது. ஃபோரம்ங்கிற பழைய ரோமன் சதுக்கம் பக்கத்துல மாக்சென்டியஸ் பசிலிக்கா, அதாவது பெரிய பொது மண்டபம், 308 வாக்குல பேரரசர் மாக்சென்டியஸ் ஆரம்பிச்சு 312க்கு அப்புறம் பேரரசர் கான்ஸ்டன்டைன் முடிச்ச கட்டடம். இன்னிக்கு அங்க போனா கட்டம் கட்டமா குழி போட்ட மூணு பெரிய வளைவு நிக்கும், எல்லாரும் அத ஃபோட்டோ எடுத்து "உலகப் புகழ் பெற்ற க்ராயின் வால்ட்"னு போடுறாங்க. அது க்ராயின் வால்ட்டே இல்லீங்க! அது வடக்குப் பக்கத்து பேரல் வால்ட். க்ராயின் வால்ட் இருந்தது நடு ஹால்ல, சுமார் 80 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 35 மீட்டர் உயரம், மூணே மூணு வால்ட்ல மொத்தமும் மூடியிருந்தாங்க. அது இடிஞ்சு போச்சு, 1349 பூகம்பத்துல போனதுன்னு சொல்லுவாங்க. நிக்கிறது எதுன்னா நடு வால்ட் வெளிய தள்ளுறத தாங்குறதுக்குன்னு பக்கத்துல வெச்ச முட்டு. முதலாளி போயிட்டாரு, முட்டுக்கொடுத்தவன் நிக்கிறான், பேரு மட்டும் முதலாளி பேரு.

அதே கட்டடத்துலயே இன்னொரு தப்பும் இருக்கு. நடு ஹால் சுவத்தோரமா எட்டு பெரிய பளிங்குத் தூண் இருந்துச்சு, வால்ட் எல்லாம் அந்த தூண் மேலதான் நின்னுச்சுன்னு எழுதுறாங்க. மிச்சமிருந்த ஒரே தூண போப் அஞ்சாம் பால் 1614 வாக்குல எடுத்துட்டுப்போய் சாண்டா மரியா மஜோரே சர்ச் முன்னாடி நட்டுட்டாரு, இப்பவும் அங்கதான் நிக்குது. பசிலிக்கால என்னன்னா, வால்ட் கிளம்புற எடத்துல மிச்சமிருக்குற கான்கிரீட் துண்டு கீழ தூணே இல்லாம அந்தரத்துல துருத்திக்கிட்டு நிக்குது. பாரம் பின்னாடி இருக்குற தடி சுவருக்குப் போகுது, தூண் பெரும்பாலும் அழகுக்குதான்.

இதோட ஒட்டி வர்ற கட்டுக்கதை, ரோமன் கான்கிரீட் ஒரே கட்டியா இறுகிடும் அதனால வெளிய தள்ளவே தள்ளாது, பானை மேல மூடி மாதிரி சும்மா உக்காந்துரும்னு. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களே சில பேர் இப்படி நம்பினாங்க. தள்ளவே தள்ளாதுன்னா எதுக்குய்யா அவ்வளவு பெரிய முட்டு? உள்ள கம்பி கிடையாது, இழுத்தா விரிசல் விடும், விரிசல் விட்டா வால்ட் தள்ளதான் செய்யும். நாலு மூலைலயும் பாரம் எறங்குது, அந்த நாலு மூலையத்தான் பிடிக்கணும். அதுக்குக் கிடைக்கிற லாபம், மூலைக்கு நடுவுல இருக்குற சுவர்ல மேல பெரிய ஜன்னல் வெக்கலாம். பேரல் வால்ட்ல பாரம் சுவர் முழுக்க எறங்கும், அதுல பெருசா ஓட்டை போடப் பயப்படணும்.

ரோம்ல முழுசா நிக்கிற பெரிய க்ராயின் வால்ட் பாக்கணும்னா பேரரசர் டயோக்ளீஷியன் குளியல் கூடத்துக்குப் போங்க. நடு மண்டபத்த 1560கள்ல மைக்கேலாஞ்சலோ சாண்டா மரியா டெலி ஆஞ்செலி சர்ச்சா மாத்தினாரு. ஆனா அங்கயும் உஷார், அவர் தரைய கிட்டத்தட்ட 2 மீட்டர் ஒசத்திட்டாரு, அதனால இப்ப தெரியுற உயரம் பழைய ரோமன் உயரம் இல்ல. சிவப்பு கிரானைட் தூண்லயும் எட்டுதான் அசல், 18ஆம் நூற்றாண்டுல ஜோடிக்கு ஜோடியா சேர்த்தது செங்கல்ல கட்டி பூசி பெயின்ட் அடிச்சது.

ஜெர்மனில ஷ்பையர் கதீட்ரலுக்கு வருவோம். "1030ல கட்டின க்ராயின் வால்ட்"னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. 1030 வாக்குல பேரரசர் இரண்டாம் கொன்ராட் ஆரம்பிச்சது சரி, 1061ல அர்ப்பணிச்சதும் சரி, ஆனா அப்ப நடு ஹால் மேல தட்டையான மரக்கூரைதான், க்ராயின் வால்ட் பக்க நடைபாதைலயும் நிலவறைலயும் மட்டும். 1080கள்ல பேரரசர் நாலாம் ஹென்றி வந்துதான் நடு ஹால் மேலயே, சுமார் 33 மீட்டர் உயரத்துல, அதத் தூக்கி வெச்சாரு. அவ்ளோ அகலத்துக்கு கல் வால்ட் வைக்கணும்னா பழைய தூண் தாங்காதுல்ல, அதுக்காக ஒண்ணு விட்டு ஒண்ணு தூண தடிமனாக்கினாங்க, இன்னிக்கும் நடந்துட்டே பாத்தா தடிசு ஒல்லி தடிசு ஒல்லின்னு மாறி மாறி வரும். அப்புறம் 1689ல பிரெஞ்சுப் படை தீ வெச்சதுல மேற்குப் பக்கத்து வால்ட் எல்லாம் விழுந்துச்சு, 1770கள்ல நொய்மான்ங்கிற ஆர்க்கிடெக்ட் பழைய ஸ்டைல்லயே திரும்பக் கட்டினாரு. அப்ப மேற்குப் பாதிய ஃபோட்டோ எடுத்து 11ஆம் நூற்றாண்டுன்னு போட்டா, 700 வருஷம் தப்பு. எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது நிலவறைதான், 1041ல அர்ப்பணிச்சது, குட்டை குட்டையான தூணு, மேல சின்னச் சின்ன க்ராயின் வால்ட், பெருசா யாரும் கை வைக்கல.

பிரான்ஸ்ல வெஸலே சர்ச்சும் அதே கேஸ்தான். 1120 தீ விபத்துக்கு அப்புறம் எழும்பின நடு ஹால், வெளிர் கல்லும் கரும் கல்லும் மாத்தி மாத்தி வெச்ச குறுக்கு வளைவுக்கு நடுவுல க்ராயின் வால்ட். ஆனா கோயர் பக்கம், அதாவது பாடகர் குழு உக்கார்ற கிழக்குப் பகுதிக்குப் போனா கோதிக் ஸ்டைல் ரிப் வால்ட், ஒரே சர்ச்சுன்னு ரெண்டுக்கும் ஒரே பேர வெச்சுடாதீங்க. வால்ட் தள்ளினதுல சுவர் வெளிப்பக்கமா சாஞ்சுடுச்சு, வெளில முட்டு எல்லாம் பின்னாடி சேத்ததுதான். 1840ல வியொலே-ல-டியூக்ங்கிற ஆர்க்கிடெக்ட் ரிப்பேருக்கு வந்தப்ப கிழக்குப் பக்கம் இருந்த சில கோதிக் வால்ட்ட எடுத்துட்டு க்ராயின் வால்ட்டா மாத்தி வெச்சாரு. அது ரிப்பேரா, ஆசையான்னு கேட்டா, எனக்கு ஆசைன்னுதான் தோணுது.

ரிப் வால்ட் விஷயத்த சுருக்கமா சொல்லிடுறேன். மூலைவிட்டத்துல தனியா கல் வளைவு ஓடுச்சுன்னா அது ரிப், வெறும் விளிம்பு மட்டும்னா க்ராயின். இங்கிலாந்து டர்ஹாம் கதீட்ரல், 1093ல ஆரம்பிச்சது, அது ரிப் வால்ட்டுக்கு ஆரம்பகால உதாரணம், அதப் போய் க்ராயின் வால்ட் லிஸ்ட்ல சேக்குறவங்கள நான் நிறைய பாத்துட்டேன். கிராஸ் வால்ட்ங்கிற வார்த்தை ரெண்டுக்கும் பொது, குழப்பம் பாதி அங்கதான்.

கடைசியா நியூயார்க். 1910ல திறந்த பழைய பென்சில்வேனியா ரயில் ஸ்டேஷன், வெயிட்டிங் ரூம் ரோம்ல இருக்குற கரகல்லா குளியல் கூடத்தப் பாத்து டிசைன் பண்ணது, சுமார் 45 மீட்டர் உயரத்துல க்ராயின் வால்ட், பாத்தா ரோமே எந்திரிச்சு வந்த மாதிரி. அத கல் கட்டுமானத்துக்கு உதாரணமா எழுதுறது தப்பு, பாரத்த தாங்கினது உள்ள இருந்த ஸ்டீல், வால்ட் மாதிரி தெரிஞ்சது அதுல தொங்க விட்ட பிளாஸ்டர். ரோமன் வால்ட்ட பூகம்பம் தள்ளுச்சு, இத 1963ல ஆரம்பிச்சு ஆளுங்க வந்து கழட்டிட்டுப் போனாங்க.